ஓட்டையில்லாத பட்டன்

— அண்ணி, டப்பாவை இப்படிக் குடுங்க. பட்டனை நானே தேடித் தர்றேன்.

— இரும்மா, எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? தம்பியும் தம்பி! பொண்டாட்டி ஊருக்கே யூனிபார்ம் தைக்கிறா, இவன் சட்டைப் பட்டன் அறுந்தா அக்கா வீட்டுக்கு ஓடி வர்றான். என்கிட்ட ஏது பட்டன்? அதான் இங்க வந்தேன்... இதென்னடியம்மா, இந்தப் பட்டன்ல ஓட்டையே இல்ல?

— அண்ணி...

— இதுலயும் இல்ல. ஏய், இது மாத்திரைதானே?

— கதவைச் சாத்திடுறேன். மெதுவாப் பேசுங்க.

— என்ன மாத்திரை?

— புள்ள உண்டாகாம இருக்க. அட்டையோட வெச்சா கண்ணுல படும்னு பிரிச்சுப் பட்டனோட போட்டேன்.

— எத்தனை நாளா?

— மூணு வருஷமா.

— அடிப்பாவி! ரெண்டு வருஷமா அவனை வைத்தியர்கிட்ட இழுத்துட்டுப் போறது நானு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கசப்பு மருந்தைக் குடிக்கிறான். "நீயெல்லாம் ஆம்பளையாடா"ன்னு என் வாயாலயே கேட்டேனே, நீ பக்கத்துலதானே நின்ன?

— நின்னேன். டம்ளரைக் கழுவி வெச்சேன்.

— புள்ளைன்னா அப்படி என்ன வெறுப்பு உனக்கு?

— வெறுப்பில்ல அண்ணி. எனக்குக் கீழ நாலு பேரு. பத்து வயசுலயே இடுப்புல கைக்குழந்தை. பள்ளிக்கூடத்துல என் பேரை அடிச்சுட்டாங்க. கடைசித் தம்பி முதமுதல்ல அம்மான்னு கூப்பிட்டது என்னைத்தான். எல்லாரும் பூரிச்சுப் போனாங்க. நான் துவைக்கிற கல்லுக்கிட்ட உக்காந்து அழுதேன். வளர்த்து முடிச்சுட்டேன் அண்ணி. இன்னொரு தடவை என்னால ஆகாது.

— இதை அவன்கிட்ட சொல்றதுக்கென்ன?

— சொன்னா சரின்னுடுவாரு. அதான் பயம். அவர் ஆசையை நானே பிடுங்கின மாதிரி ஆயிடும்ல? அதுக்குப் பதிலா, அவர் அந்த மருந்தைக் குடிக்கட்டும்னு விட்டுட்டேன். சொல்லவே நாக்கு கூசுது. அவருக்குத் தெரிய வேணாம் அண்ணி, உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்.

— எழுந்திரு, காலை விடு. காலையில அவன் சட்டையை நீட்டினப்போ, "டெய்லர் பொண்டாட்டி இருக்க என்கிட்ட ஏன்டா வர்ற"ன்னு கேட்டேன். அவன் சொன்னது அப்ப எனக்கு விளங்கல.

— என்ன சொன்னாரு?

— "நான் பக்கத்துல நின்னா அந்தப் பட்டன் டப்பாவைத் திறக்க அவளுக்குக் கை நடுங்குதுக்கா. நீயே தைச்சுக் குடுத்துடு"ன்னான்.