மழை வெளிச்சத்துக்கு ஒரு கெமரா

கெமரா வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் செய்கிற பிழை, கடைக்குள் நுழைந்ததும் எது நல்ல கெமரா என்று கேட்பது. நல்ல கெமரா என்று ஒன்று கிடையாது. எதை எடுக்கப் போகிறோம், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறோம், அதற்கு எது தோது என்பதுதான் கேள்வி. இதைச் சொன்னால் எங்கள் தொழிலில் பாதிப் பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லச் சொன்னீர்கள், ஐயா. கெமராவை விட்டுவிட்டுச் சொன்னால் நான் ஏதோ பைத்தியக்காரன் போலத் தெரிவேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் வாக்குமூலம் எழுதிக்கொள்ளத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் கிருஷ்ணராஜ். தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வீடு றப்பர் தோட்டத்தில். கல்யாணம், சடங்கு, திருவிழா, சாவு வீடு எல்லாம் எடுப்பேன். சாவு வீட்டையுமா என்று முகம் சுளிக்க வேண்டாம். குவைத்தில் வேலைக்குப் போயிருக்கிற மகள் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது என்னுடைய வீடியோவில்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள்: பொண்ணைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்க. ஆக்கிக் கொடுத்தேன். எங்கள் சனங்களின் முகத்தில் இருந்து எங்கள் நிறத்தைத் துடைத்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். அது எனக்குள் புளித்துப்போய்க் கிடந்தது.

என் வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், மாரியம்மன் கோயிலை ஒட்டி. ஓடைக்கு அந்தப் பக்கம் பழைய லயம், சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீடுகள். அதற்கு நேர்மேலே மலையில், றப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வெடிப்பு, ஆளின் கால் முழங்கால் வரை இறங்குகிற மாதிரி. வேறு இடத்தில் காணியும் வீடும் தாருங்கள் என்று மனுக் கொடுத்துக் கொடுத்துக் களைத்துவிட்டோம். வந்து பார்த்தவர்கள் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவரிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வெடிப்பு இருந்த இடம் மரநிழல் போல இருந்தது. வானம் வெள்ளைக் கடதாசி, லயம் கறுப்புப் பொட்டி, நடுவில் பச்சை மலை. பார்க்கிறவன் அங்கே சுற்றுலா போகத்தான் ஆசைப்படுவான். பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்களுக்கு முகமே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் பட்டது. எங்களுக்கு வீடு கிடைக்காததற்குக் காரணம் எங்கள் கஷ்டம் சரியாகப் படம் ஆகாததுதான்.

மழைக்கு எங்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. கோயில் முன்வெளியில் மழை அளக்கிற குழாய் ஒன்று நட்டிருக்கிறார்கள், மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு போட்டு. அதைப் பார்க்கிற பொறுப்பு அழகமுத்து மாமாவுக்கு. சொந்த மாமா இல்லை, தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மாமாதான். சிவப்பைத் தாண்டினால் அவர் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். நான் கோயில் ஸ்பீக்கரில் அறிவிக்க வேண்டும். திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான்தான், அறைச் சாவியும் என்னிடம்தான் இருக்கும். அவர் அங்கிருந்து ஃபெக்டரிக்கு ஏறிப்போய் அதிகாரிகளுக்குப் போன் போடுவார். கீழே சிக்னல் கிடைக்காது.

முதல் தடவை மழை கொட்டியபோது ஆளாளுக்குக் கத்தி, கண்ட திசைக்கு ஓடி, ஒரு பெரியவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கோயில் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். ஸ்பீக்கர் பேசினால் கிளம்புவது, பேசாவிட்டால் யாரும் அசையக் கூடாது. அந்த யோசனையைச் சொன்னது நான். எல்லோரும் கை தட்டினார்கள். இப்போதும் அது நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று தடவை அறிவித்தேன். மூன்று தடவையும் சனங்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள். மலை அசையவில்லை. திரும்பி வந்தால் கோழி காணவில்லை, அடுப்புக்குள் தண்ணீர். ‘என்ன கிருஷ்ணா, இன்னைக்கும் மலை வருதா?’ என்று கடைத்தெருவில் கேலி பண்ணினார்கள். மலை இறங்கவில்லைதானே, பிறகு எதற்கு அவசரம் என்று ஒவ்வொரு தடவையும் அதிகாரிகளிடம் எங்கள் ஃபைல் அடியில் போனது. நாங்கள் ஒழுங்காகத் தப்பித்துக்கொண்டதே எங்களுக்கு வினையாகிவிட்டது.

வேறு ஊர்களில் மலை இறங்கியபோது டிவிக்காரர்கள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு வருவார்கள். சேற்றைக் காட்டுவார்கள். சேற்றைப் பார்த்து எத்தனை பேர் அழுவார்கள்? ஆளில்லாத லயம் சரிந்தால் அது வெறும் பழைய கட்டடம். அடுப்புப் புகை வருகிற லயம், கொடியில் துணி காய்கிற லயம், வாசலில் ஒரு மனுஷ முகம். அது வேறு. கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள், உங்களுக்கும் விளங்கும்.

இந்த எண்ணத்தோடுதான் மாவனல்லைக்குப் போனேன். முஹ்ஸின் நானாவின் கடை. சினிமாக் கெமராக்களை வாடகைக்கும் விலைக்கும் கொடுப்பவர், எல்லாவற்றையும் கையாண்டு பார்த்தவர். இரண்டு கெமராவை மேசையில் வைத்தார். ஒன்று முகத்துக்குப் பிறந்தது. எங்கள் நிறத்தை அப்படியே, செம்பும் எண்ணெயுமாக எடுத்தது. அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆனால் வெளிச்சம் குறைந்தால் அதில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும். மற்றது மங்கலில் பார்க்கிற கெமரா. வெள்ளை வானத்தையும் கூரைக்குக் கீழே இருக்கிற இருட்டையும் ஒரே படச் சட்டத்தில் பிடிக்கும். முகம் மட்டும் அதில் கொஞ்சம் சாம்பலாகும், பக்கத்தில் ஒரு விளக்காவது இருந்தால்தான் உயிர் வரும்.

“ஒங்களுக்கு முகம் ஓணுமா, இருட்டு ஓணுமா தம்பி? ரெண்டையும் ஒரு கெமராகிட்ட கேக்க ஏலாது,” என்றார் நானா.

இரண்டாவதில் இன்னொரு வசதியும் இருந்தது. அது விழித்திருக்கும்வரை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டனை அமுக்கினால், அமுக்குவதற்கு முந்திய அரை நிமிஷத்தையும் சத்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். காட்டு மிருகங்களை எடுக்கிறவர்களுக்காகச் செய்தது. மிருகம் சொல்லிவிட்டு வருவதில்லை. மலையும் அப்படித்தான். எனக்கு அதுவே போதும் என்று பட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று நானா அதைக் கையில் கொடுத்துவிட்டார். என்ன எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். மழை என்றேன்.

மழையும் வந்தது. அன்றைக்குக் காலையில் தொடங்கி விடவே இல்லை. பின்னேரம், வேலைவிட்டு எல்லோரும் லயத்துக்கு வந்து தேத்தண்ணி வைக்கிற நேரம். நான் கோயில் தாழ்வாரத்தில் முக்காலி ஸ்டாண்டைப் போட்டு, கெமராவைப் பொலித்தீனால் மூடி, லயத்தையும் வெடிப்பையும் ஒரே சட்டத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். முதல் கெமராவாக இருந்திருந்தால் அந்த மங்கலில் ஒன்றும் விழுந்திருக்காது. என் தெரிவு சரி என்று நினைத்தேன்.

அழகமுத்து மாமா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கினார்.

“தம்பி, செவப்பு தாண்டிருச்சு. மைக்குல சொல்லிருங்க.”

“நீங்க ஃபெக்டரிக்குப் போங்க மாமா. நான் சொல்றேன்.”

“எம் மக கீழதான் இருக்கா.”

“நான் சொல்றேன் மாமா. நீங்க போங்க.”

அவர் ஏறிப் போனார். என்னைச் சின்ன வயசில் இருந்தே தெரியும், நம்பாமல் எப்படி இருப்பார்? அவர் திரும்பி நடந்ததும்தான் பட்டனை அமுக்கினேன்.

ஸ்பீக்கர் அறை எனக்குப் பின்னால், நாலு எட்டில். ஐந்து நிமிஷம் எடுத்துவிட்டு அறிவிக்கலாம் என்று நினைத்ததாக முதலில் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்படி நினைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மலையில் ஒரு றப்பர் மரம் சாய்ந்தது, சத்தமே இல்லாமல். அப்போது கலைச்செல்வி வெளியே வந்தாள். அழகமுத்து மாமாவின் மகள். விறகை நனையாமல் எடுக்க வந்திருப்பாள். வாசலைத் தாண்டி, லயத்துக் கோடிக்கு நடந்து வந்துவிட்டாள். கோடியில் இருந்து பாலத்துக்குப் பத்துத் தப்படி இருக்கும், அதைத் தாண்டினால் இந்தப் பக்கம் கெட்டித் தரை. என்னையும் கெமராவையும் பார்த்துச் சிரித்தாள்.

“அண்ணே, மழையில என்னாத்த புடிக்கிறீங்க?” என்று கத்தினாள். ஸ்பீக்கர் பேசவில்லை, அதனால் அவளுக்குப் பயமில்லை.

அவள் நின்ற இடம் இருட்டு. முகம் சாம்பலாகத்தான் விழுந்தது. அவள் வீட்டு வாசலில் மட்டும் மஞ்சள் பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நான் கையைத் தூக்கி, பின்னாலே போ, வாசலுக்குப் போ என்று காட்டினேன். கல்யாண வீடுகளில் நான் கை காட்டுகிற இடத்தில் எல்லோரும் நிற்பார்கள், பழக்கம். அவள் விறகோடு திரும்பி நடந்து, பல்புக்குக் கீழே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் உயிர் வந்தது. மாமியார் வெள்ளையம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அதை நான் சொல்லவில்லை.

மாமா ஃபெக்டரியை எட்டுவதற்குள் மலை இறங்கியது. அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும்தான் பார்த்திருக்கிறீர்கள், நாடே பார்த்தது.

நான் ஓடிப்போய் வெறும் கையால் மண்ணைத் தோண்டினேன். என் நகங்கள் பிய்ந்ததை உங்கள் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது நடிப்பில்லை. கலைச்செல்வியை நான் என் தங்கச்சியாகத்தான் நினைத்திருந்தேன்.

அழகமுத்து மாமா குழாயை ஒழுங்காகப் பார்க்கவில்லை, அதனால்தான் அறிவிப்பு வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மகளைப் புதைத்த மனுஷன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். ஒரு நாள் என்னைப் பார்த்து, “மைக்கு வேலை செய்யலையா தம்பி?” என்று கேட்டார். கரண்ட் போயிருச்சு மாமா என்றேன். தலையாட்டினார். மகள் தலைக்கு மேலே பல்பு எரிகிறதை வீடியோவில் அவரும்தான் பார்த்திருந்தார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஊர் அவரைத் திட்டியபோதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

டிவிக்குக் கொடுத்த வீடியோவில் முன்பகுதியை வெட்டிவிட்டேன். கெமராவைத் திருப்பிக் கொடுத்தபோது கார்டையும் அப்படியே கொடுத்தேன். வேலை முடிந்து ஒப்படைக்கிறவரை எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், கை தானாக அப்படிச் செய்துவிட்டது. மங்கலில் எப்படி எடுக்கிறது என்று ஒரு வாடிக்கையாளருக்குக் காட்ட முஹ்ஸின் நானா அதைப் பெரிய திரையில் போட்டிருக்கிறார். நான் பட்டனை அமுக்குவதற்கு முந்திய அரை நிமிஷம் அதில் இருந்தது, அழகமுத்து மாமாவின் குரலும் என் குரலும். நானா கடையைப் பூட்டிவிட்டு நேரே உங்களிடம் வந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனுஷர்.

அறிவிக்க மறந்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். மறக்கவில்லை. மலை இறங்கும் என்று தெரியும், கீழே ஆட்கள் இருப்பது தெரியும், அவர்கள் என் குரலுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆள் இருக்கும்போது இறங்கட்டும் என்றுதான் பேசாமல் நின்றேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அந்த வீடியோ வந்த பிறகு மேலிடத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். இத்தனை வருஷம் கிடைக்காத காணி ஒரு மாதத்தில் கிடைத்தது. கயிறு பிடித்து அளந்த அன்று நானும் கூடப் போனேன். லயத்தில் இருந்த குடும்பங்களுக்கு அந்த இடம் போதாதே, யாரை விடுவது, யாருக்குக் கொடுப்பது என்று முதல் நாள் முழுக்க நான்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அளந்து முடித்துப் பார்த்தால், இப்போது மிச்சம் இருக்கிற எல்லோருக்கும் சரியாகப் போதும்.