கீழ ஒட்டின போஸ்டர்

இல்லண்ணே, மத்ததெல்லாம் எடுத்துக்குங்க. அந்த டியூஷன் நோட்டீஸ், வீடு வாடகைக்குன்னு ஒட்டியிருக்கிறது, பல் டாக்டரோடது, எல்லாம் உங்க இஷ்டம். என்னோடதே மேல மூணு இருக்கு பாருங்க, அதையும் சுரண்டிடுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். வேணும்னா நானே ஒரு தகடு புடிச்சு உங்ககூட நின்னு சுரண்டித் தர்றேன். கீழ இருக்கிற இந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்.

தெரியும்ணே. பஸ் ஸ்டாப் சுவத்துல எதுவும் ஒட்டக்கூடாதுன்னு தலைக்கு மேலயே எழுதி வச்சிருக்கு. அந்த எழுத்து மேலயே நான் ஒண்ணு ஒட்டியிருக்கேன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

ஆமா, படத்துல இருக்கிறது நான்தான். சிரிக்காதீங்க. முடி அப்ப இடுப்பு வரைக்கும் இருந்துச்சு, இப்ப ஒட்ட வெட்டியாச்சு. முகமும் கொஞ்சம் இறங்கிப்போச்சு. புதுசா ஒரு படம் எடுத்துக்கக் கூடாதான்னு எங்க பியானோக்காரரும் கேட்டாரு. இந்தப் படம் இருந்தாத்தான் என்னை அடையாளம் தெரியும்னு சொன்னேன். யாருக்குன்னு அவர் கேக்கல. நல்ல மனுஷன்.

மணி என்னாச்சுண்ணே? ஒண்ணே முக்காலா. சரி. நேரம் இருக்கு.

ஜாஸ்னா என்னன்னா... எப்படிச் சொல்றது. ஒரு பாட்டு இருக்கும், எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு. முதல்ல அதை ஒழுங்கா, சமத்தா பாடிடுவோம். அப்புறம் அதை வாசல்ல விட்டுட்டு வெளிய கிளம்பிடுவோம். பியானோ ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன், அவங்கவங்க இஷ்டத்துக்கு ஒரு சுத்து. கடைசில எல்லாரும் ஒரே நேரத்துல வீடு வந்து சேரணும். அவ்வளவுதான். எங்க டிரம்மர் மட்டும் எப்பவும் ஒரு நிமிஷம் பிந்தித்தான் வருவான், அதனால அவனுக்குக் கடிகாரம்னு பேரு வச்சிருக்கோம். நீங்க வாங்களேன். வெள்ளிக்கிழமை லைப்ரரி மாடி ஹால்ல, சனிக்கிழமை ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்ல, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ரோட்டு முனையில இருக்கிற அந்தப் பழைய தியேட்டர்ல. அண்ணி, பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. முன் வரிசையில உக்கார வைக்கிறேன்.

கையை எடுங்கண்ணே. ப்ளீஸ். பேசிக்கிட்டே சுரண்டறீங்களே. மேல வேலையைப் பாருங்க, மேல. இதுகிட்ட வராதீங்க.

கத்தல, கத்தல. பாடறவ நிகழ்ச்சி இருக்கிற வாரம் கத்தக் கூடாது. வெந்நீரும் வாய்ப்பூட்டுமா இருக்க வேண்டியவ, இங்க உங்ககிட்ட மல்லுக்கு நிக்கிறேன்.

ஏன் இவ்வளவு கீழ ஒட்டியிருக்குன்னா, ஒட்டின ஆள் குட்டைண்ணே. ஏணி இல்ல. அதான்... ஆமா, மேல இருக்கிறதையும் அதே ஆள்தான் ஒட்டினது. சரி விடுங்க. பொய். நான்தான் ஒட்டினேன். முட்டி போட்டு உக்காந்து ஒட்டினேன். கால்ல இன்னும் கன்னிப்போயிருக்கு.

புதுசு ஒட்டிக்கலாம்தான். யார் இல்லன்னாங்க. வீட்டுல கட்டில் அடியில ஒரு கட்டு முழுசா கிடக்கு. நீங்க சுரண்டிட்டுப் போன மறுநிமிஷம் அதே இடத்துல அதே அச்சு ஒட்டலாம். ஆனா அது இது ஆகாதுண்ணே.

உங்க சூப்பர்வைசர் நாலு மணிக்கு சுத்தமான சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காரு, அதானே. நான் ஒரு வழி சொல்றேன். நீங்க எடுக்கும்போது உங்க வாளியை இதுக்கு முன்னாடி வச்சிடுங்க. இத்தனூண்டு காகிதம், வாளி மறைச்சிடும். நாளைக்கு யாராவது வந்து பார்த்தா, ராத்திரியில எவளோ வந்து மறுபடி ஒட்டிட்டா, பைத்தியக்காரின்னு என் பேரைச் சொல்லுங்க. பேரும் நம்பரும் போஸ்டர்லயே இருக்கு. அபராதம் போட்டா எனக்குப் போடட்டும்.

இல்லண்ணே, டிக்கெட் விக்கணும்னு இல்ல. இந்த ஒரு போஸ்டரைப் பார்த்து ஒரு ஆள்கூட டிக்கெட் வாங்கப் போறதில்ல, எனக்குத் தெரியாதா. இந்த பஸ் ஸ்டாப்புல யாரு நிப்பா? ஸ்கூல் பிள்ளைங்க நிக்கும். மூணே கால் மணிக்கு மணி அடிச்சா பொலபொலன்னு வந்து நிக்கும். அதுக்கு ஜாஸ் எதுக்கு?

மூணு மணிக்குள்ள நான் இந்தத் தெருவை விட்டுப் போயிடணும்ணே. அதான் மணி கேட்டுக்கிட்டே இருக்கேன். மூணு மணிக்கு மேல நான் இங்க நிக்கக் கூடாது. கோர்ட்டுல எழுதிக் கொடுத்திருக்காங்க.

பயப்படாதீங்க, நான் யாரையும் குத்தல. நில்லுங்கண்ணே, போகாதீங்க. சொல்றேன்.

அச்சடிச்ச பிரஸ்காரர் ஒரு கூத்து பண்ணினாரு, கேளுங்க. போஸ்டர்ல கடைசி வரி பார்த்தீங்களா? தேதி, இடம் எல்லாம் முடிஞ்சு அடியில, கொட்டை எழுத்துல. படிங்க. வெக்கப்படாதீங்க, படிங்க. தபதூபி தபதூபி தா. அவர் எனக்குப் போன் பண்றாரு, மேடம் கடைசி வரியில ஏதோ தப்பு விழுந்திருக்கு, அர்த்தமே இல்ல, எடுத்துடட்டுமான்னு. ஐயோ எடுத்துடாதீங்க, வேணும்னா என் பேரை எடுத்துடுங்க, அது இருக்கட்டும்னேன். அப்புறம், சரிங்க மேடம், ஜாஸ் போலன்னுட்டு வச்சிட்டாரு.

எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிறாங்க. எங்க பாட்டுல வார்த்தை இல்லாம வெறும் வாயால தூவா தாவான்னு பாடற இடம் ஒண்ணு வரும். நான் எந்தப் பாட்டா இருந்தாலும் அந்த இடத்துல தபதூபி தபதூபி தான்னு பாடிட்டு நிறுத்திடுவேன். அதுக்கப்புறம் ரெண்டு சுத்துக்கு யாரும் வாசிக்கக் கூடாது. பியானோ கூடாது, டிரம் கூடாது. கடிகாரம் ஒரு தடவை பழக்கதோஷத்துல ஒரு தட்டு தட்டிட்டான், மேடையிலயே நான் அழுதுட்டேன். ஒரு பத்திரிகைக்காரர் எழுதினாரு, இவருடைய பாட்டைவிட அந்த மௌனம் பெரிசுன்னு. மௌனமாவது மண்ணாவது. அது ஒருத்தரோட இடம்ணே. அவங்க பாட வேண்டிய இடம், காலியா கிடக்கு.

எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஏழரை வயசு. எதிர்ல பச்சைக் கேட்டு தெரியுது பாருங்க, அந்த ஸ்கூல்தான். இந்நேரம் உள்ள உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பா. இல்ல, ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருப்பா. என் பிள்ளைதானே.

ரெண்டு வருஷமா அவங்க அப்பாகிட்ட இருக்கா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் ஒத்திகை இழுத்துடுச்சு. போன் பைக்குள்ள கிடந்துச்சு. பாஸ் கிட்டார் வாசிக்கிறவர் புதுசா ஒண்ணு பண்ணிக் காட்டினாரு, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு நான்தான் கேட்டேன். யாரும் என்னைப் புடிச்சு வைக்கல. நான் ஓடி வரும்போது அஞ்சே கால். அஞ்சு வயசுப் பிள்ளை இதே இடத்துல, இந்தச் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் தனியா நின்னிருக்கா. மழை வேற. பேக்கைத் தலைமேல வச்சுக்கிட்டு நின்னிருந்தா. என்னைப் பார்த்து அழக்கூட இல்லண்ணே, அதான். அம்மா, பாட்டு முடிஞ்சுதான்னு கேட்டா.

அப்புறம் ஏற்கனவே இருந்ததெல்லாம் சேர்ந்துக்குச்சு. ராத்திரி வேலை, ஹோட்டல்ல பாடறவ, வீடு தங்காதவ. ஜட்ஜம்மா தன்மையாத்தான் பேசினாங்க. நேர்ல பார்க்கக் கூடாது, போன் கூடாது, கடுதாசி கூடாது. அடுத்த மாசம் மறுபடி விசாரணை வருது. அதுவரைக்கும் என் கையெழுத்துல ஒரு துண்டுச் சீட்டு போனாலும் அவங்க வக்கீல் எடுத்து நீட்டிடுவாரு. அவங்க அப்பாவுக்கு என் எழுத்து நல்லாத் தெரியும். பதினோரு வருஷம் மளிகை லிஸ்ட் படிச்சவரு.

ஆனா போஸ்டர் ஒட்டக் கூடாதுன்னு அதுல எங்கயும் போடல. பாடறவ போஸ்டர் ஒட்டாம இருப்பாளா? அதான் ஒட்டினேன். ஊரெல்லாம் ஒட்டினேன், சந்தேகம் வரக் கூடாதுன்னு. இங்க ஒண்ணு மட்டும் கீழ. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எவனாவது ஜாஸ் வைப்பானான்னு கடிகாரம் கேட்டான். பிள்ளைங்க முழிச்சிருக்கிற நேரம்டான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். வரமாட்டா. யார் கூட்டிட்டு வருவா? தெரியும். ஆனாலும்.

ஸ்பாஞ்சை வைங்கண்ணே. வைங்க. தண்ணி பட்டா போச்சு.

ஆமா, ஓரத்துல பென்சில் கிறுக்கல்தான். ஏற்கனவே அசிங்கமாத்தான் இருக்குன்னு சொல்லாதீங்க. குனிங்க. வாளியைத் தள்ளி வச்சுட்டு நல்லாக் குனிஞ்சு பாருங்க.

அவளுக்கு நான் தலை பின்னிவிடும்போது ஒரு விளையாட்டுண்ணே. மூணு கால் எடுத்துப் பின்னல் போட ஆரம்பிக்கும்போது நான் தபதூபி தபதூபி தான்னு சொல்லணும். பாதிப் பின்னல்ல அவ தூவா தூவா ரீன்னு சொல்லணும். கடைசில ரிப்பன் முடிச்சை இறுக்கும்போது நான் பம்னு சொல்லணும். அந்த பம் வராம எந்திரிக்கவே மாட்டா. பஸ் வந்து ஹாரன் அடிச்சாலும் சரி, அவங்க அப்பா வாசல்ல நின்னு கத்தினாலும் சரி, கல்லு மாதிரி உக்காந்திருப்பா. நான் வேணும்னே முடிச்சைப் போட்டுட்டு சும்மா இருப்பேன். அம்மா சொல்லு, அம்மா சொல்லுன்னு தலையை ஆட்டுவா.

இந்த உலகத்துல அந்த ரெண்டாவது பாதி தெரிஞ்சது அவ ஒருத்திதான். என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

தூவா தூவா ரீ. தூவுக்குச் சுழி தப்பாத்தான் போட்டிருக்கா. அஞ்சு வயசுலயும் அப்படித்தான் போடுவா, நான் திருத்திக்கிட்டே இருப்பேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து பார்த்தேன், இருந்துச்சு. நேத்து வந்தேன், பக்கத்துல இந்தக் கோடு புதுசா இருந்துச்சு. சும்மா கிழிச்ச கோடு இல்லண்ணே அது. ஸ்கூல்ல கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு கொடுப்பாங்கல்ல, அந்தக் கோடு. எனக்கு விட்டு வச்சிருக்கா.

ரெண்டு வருஷமா எந்திரிக்காம உக்காந்திருக்காண்ணே.

நேத்துலேர்ந்து பென்சில் பையிலதான் இருக்கு. கை வரமாட்டேங்குது. நான் எழுதினா என் எழுத்து. நீங்க எழுதினா சுவத்துல எவனோ கிறுக்கினது.

இந்தாங்க. சீவிதான் வச்சிருக்கேன். ரெண்டே எழுத்து, பம். பெரிசா வேணாம், அந்தக் கோட்டுக்கு மேல மட்டும். இன்னும் கொஞ்சம் குனிங்கண்ணே, அவ உயரம் அவ்வளவுதான்.