எதிர்ப்பவள் சொல்லும் வரவேற்பு

நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றியபடி என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் சுப்புராமன் அவர்களே! அறிவார்ந்த பேராசிரியப் பெருமக்களே! அஞ்சாமல் வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அச்சரப்பாக்கத்திலிருந்தும் செய்யூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவத் தோழர்களே! பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நிற்கும் அண்ணன்மார்களே! எங்கள் விவாத மன்றத்தின் அழைப்பை ஏற்று வந்திருக்கும் வழக்கறிஞர் உலகநாதன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சுராயாவின் வணக்கம்.

காலையிலிருந்து ஒரு வாய்க் காபி உள்ளே இறங்கவில்லை. மைக்கைப் பிடித்திருப்பது பேசுவதற்காக மட்டுமில்லை, விழாமல் நிற்பதற்காகவும்தான்.

என்ன அண்ணே? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்! "இன்னாமே, ஒன் அண்ணன உள்ள தள்ன ஆளுக்கு நீயே மால போடறியா? வெக்கமா இல்ல?" என்று கேட்கிறார். கேட்பவர் யார்? என் அண்ணனின் உயிர் நண்பர் ரவிச்சந்திரன். எங்கள் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவர். அவருக்கு வராத கோபம் வேறு யாருக்கு வரும்?

ஆனால் அண்ணே, எங்கள் மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால், அவரை எதிர்த்துப் பேசப் போகிறவரே அவருக்கு வரவேற்புரையும் சொல்ல வேண்டும். இது எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? தெரியுமா என்று யோசித்தோமா? யோசிக்காமல் நோட்டீஸ் அடித்தோம். கொட்டை எழுத்தில் அவர் பெயர். அதன் கீழே 'வரவேற்புரை: செல்வி சுராயா'. அவ்வளவுதான்! எதிர்த்துப் பேசுவதும் நான்தான் என்று போடத் தோன்றவே இல்லை. கடைத்தெருவில் அதைப் படித்தவர்கள் பாராட்டு விழா என்றே நினைத்துவிட்டார்கள். நேற்று மீன் வாங்கப் போன என் அம்மாவிடம் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா கேட்டாராம், "இன்னா பீவிம்மா, ஒம் பொண்ணு கச்சி மாறிடுச்சா?" என்று. அம்மா மீன் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மாறவில்லை, மக்களே! மனசாலும் மாறவில்லை, மறந்தும் மாறவில்லை!

மறக்கக் கூடியதா அது? நெருக்கடி நிலை நாட்டின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த காலம். பத்திரிகைக்குத் தணிக்கை, மேடைக்குத் தணிக்கை, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் யாரென்று பார்த்துவிட்டு மெல்லப் பேசிய காலம். அப்போது மாமல்லபுரத்தில் மீனவர்கள் கூடிய கூட்டத்தில் என் அண்ணன் ஜலாலுதீன், "வாயைத் திறந்தால் பிடிப்பார்கள் என்றால் இது யாருக்கான ஆட்சி?" என்று கேட்டார். கத்தி எடுத்தாரா? கல் எடுத்தாரா? கேள்வி கேட்டார், அவ்வளவே! அடுத்த வாரம் நம் செங்கல்பட்டுக் கடைத்தெரு மேடையில் இதோ இந்த உலகநாதன் அவர்கள் முழங்கினார்: "ஜலாலுதீன் போன்ற வாயாடிகளை வெளியே விட்டு வைத்தால் நாட்டுக்கே ஆபத்து!" கைதட்டல் வானைப் பிளந்தது. தட்டியவர்கள் சிலர் இங்கேயும் இருக்கிறீர்கள். பரவாயில்லை, தலையைக் குனிய வேண்டாம்.

மறுநாள் காலை போலீஸ் வந்தது. அண்ணன் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "துன்னு முடிச்சிட்டு வரட்டும் சார், புள்ள எங்க ஓடிடப் போவுது" என்று அம்மா கெஞ்சினார். எழுந்திரு என்றார்கள். எச்சில் கையோடு ஜீப்பில் ஏறினார்.

மிசா சட்டத்தில் சிறைக்குப் போன அண்ணன் திரும்பி வந்துவிட்டார். அவருடைய பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இன்று காலை அவரே வாய் திறந்து சொன்னார்: "அந்த ஆளு கொரலு ஸ்பீக்கர்ல வூடு வரைக்கும் வரும் சுராயா. எனக்கு அத்த கேக்க வாணாம். நான் மாமல்லபுரம் பூட்றேன், முடிஞ்சதும் வரேன்." சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அந்த நேரத்திலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூடப் பிறந்தவருக்கே துரோகம் செய்கிறேனோ? எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, தாய்மார்களே. சத்தியமாகத் தெரியவில்லை.

"பின்ன இன்னாத்துக்குக் கூப்ட்ட?" நல்ல கேள்வி, அண்ணே! இவரை விரட்டினால் என்ன ஆகும்? காரில் ஏறுவார். திருப்போரூரில் இறங்குவார். செங்கல்பட்டில் என்னைப் பேச விடவில்லை என்று கண் கலங்குவார். அங்கேயும் ஒரு கைதட்டல் வாங்குவார். நமக்கு என்ன மிஞ்சும்? அன்று பேசாதே என்றவர் அவர். இன்று பேசாதே என்பவர்கள் நாமா? பூட்டு அதே பூட்டு, சாவி மட்டும் நம் கைக்கு வந்துவிட்டதா? இதற்காகவா என் அண்ணன் சிறைக்குப் போனார்?

ஒரு கல் விழுந்தாலும், ஒரு செருப்புப் பறந்தாலும் நாளை முதல் விவாத மன்றமே கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். வாசலில் போலீஸ் நிற்கிறது. காக்கிச் சட்டையைப் பார்த்ததிலிருந்து முன் வரிசையில் என் அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருக்கிறார். ரவி அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கையில் இருப்பதைக் கீழே போடுங்கள்... போடுங்கள் அண்ணே... நன்றி. உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் உட்கார வையுங்கள்.

எனக்கு இவருடைய பேச்சின் மேல் ஆசை இல்லை. இவருடைய பதில் வேண்டும்! ஊரறியக் குற்றம் சாட்டியவர் ஊரறியப் பதில் சொல்ல வேண்டும்! நீங்கள் கூச்சல் போட்டால் அது எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. இவருக்காக உங்களை அமைதி காக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காகக் கேட்கிறேன்.

உலகநாதன் ஐயா, வருக! இந்தாருங்கள், மாலை. மன்றத்தின் வழக்கப்படி என் கையாலேயே போடுகிறேன். விவாதத்தின் முதல் கேள்வியையும் இப்போதே வைத்துவிடுகிறேன். அந்த மேடையில் என் அண்ணன் பெயரைச் சொன்னீர்களே, மறுநாள் எங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று தெரிந்தே சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா?

உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். முன் வரிசையில் பச்சைச் சேலை கட்டியிருப்பவர்தான் என் அம்மா அமீனா பீவி. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பொறுத்திருந்து கேட்ட பெருமக்களுக்கு நன்றி, வணக்கம். இதோ மைக், ஐயா.