தீனி போடாத நான்கு நாட்கள்

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து மூன்று. கால்நடை ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக உதவியாளர். நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றிலிருந்து எடுத்த செல்களைக் குடுவைகளில் உயிரோடு வளர்ப்பது என் வேலை. இரண்டு நாளைக்கு ஒரு முறை பழைய சத்துத் திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். இதைத் தீனி போடுவது என்போம். ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மா தினமும், “நம்ம பிள்ளைங்களுக்குச் சாப்பாடு ஆச்சா?” என்று கேட்டபடிதான் உள்ளே வருவார்.

சென்ற மாதம், புற்றைக் கொல்லுமா என்று பார்க்கப் புது மருந்து ஊற்றிய குடுவைகள் என் பொறுப்பிலும், ஊற்றாதவை இன்னொருவர் பொறுப்பிலும் இருந்தன. அப்போதுதான் என் பன்னிரண்டு வயது மகளுக்கு முழங்கால் வீங்கி, எலும்பிலிருந்து சோதனைக்குத் துணுக்கு எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கு விடுப்பு மிச்சமில்லை. நான்கு நாளும் காலையில் ஆய்வுக்கூடத்தில் தலையைக் காட்டி, முறை வந்த நாளில் தீனி போடாமலே போட்டதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். என் குடுவைகளில் செல்கள் செத்து மிதந்தன. மற்றவை கொழுத்துக் கிடந்தன. “மருந்து வேலை செய்யுதுய்யா” என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டினியில் செத்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

அதன் பிறகு மகளின் பரிசோதனை முடிவு வந்தது. எலும்புப் புற்று. அந்தக் காலையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். குழந்தைகளுக்கு வருவதும் நாய்களுக்கு வருவதும் நுண்ணோக்கியில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் என்று டாக்டரம்மா அடிக்கடி சொல்வார். நான் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியிலிருந்து அந்தப் புது மருந்தில் மூன்று குப்பிகளை எடுத்துப்போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டிலேயே மகளுக்கு ஊசி போட்டேன். தீனி போடாததை நான் மறக்கவில்லை. மருந்தும் கொஞ்சமாவது கொன்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்யை எழுதியவனே அதை நம்பினேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவளுக்குச் சிறுநீர் நின்று முகம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஊசி போட்டதைச் சொல்லிவிட்டேன். பட்டினி விஷயத்தை இங்கே, காவல் நிலையத்தில்தான், முதலில் சொல்கிறேன். டாக்டரம்மா திங்கட்கிழமை ஒன்பது நாய்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்க இருக்கிறார். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்று காலை ஆஸ்பத்திரிப் படுக்கையில் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “வலி கொஞ்சம் பரவால்லப்பா. அடுத்த ஊசி எப்போ?” என்றாள். நாளைக்கு என்றேன்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. இதில் உள்ளது எல்லாம் உண்மை.

(கையொப்பம்)