பதினோராவது ‘இல்லை’

எங்கள் இரத்த வங்கியின் சோதனைக்கூடத்தைச் சொந்த வீடாய்க் காத்த காவலரே! சொட்டு இரத்தத்தையும் சந்தேகம் தீராமல் விடாத சலிப்பறியாச் சான்றோரே! மூன்று மாடியும் ‘இல்லையண்ணன்’ என்று செல்லமாய் அழைக்க, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்த ஆய்வக நுட்புநரே, வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே சற்று நேரம் உங்களை ‘அவர்’ ஆக்கிவிட்டு அவையிடம் பேசுகிறோம். பொறுத்தருள்க.

அவையோரே, வெளியுலகில் ‘இல்லை’ என்பது கேட்கப் பிடிக்காத சொல். எங்கள் அறையில் அதுதான் வாழ்த்து. தானமாக வந்த இரத்தத்தில் கிருமி இல்லை என்றால்தான் அது இன்னொருவர் உடலுக்குள் போகலாம். முப்பத்தொரு ஆண்டுகள் அந்தச் சொல்லை உரக்கப் படித்துப் பதிவேட்டில் எழுதியவர் அண்ணன்.

ஒவ்வொரு சோதனையிலும் கிருமி இருப்பதாகத் தெரிந்த ஒரு மாதிரியையும், இல்லாததாகத் தெரிந்த ஒரு மாதிரியையும் கூடவே வைப்போம். இயந்திரம் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதற்கு. இல்லாத மாதிரி பல ஆண்டுகளாக அண்ணனின் இரத்தம். குழாயின் மேல் ‘அண்ணன்’ என்றுதான் ஒட்டியிருக்கும். பதினொரு முறை தானம் செய்தவர். ஒவ்வொரு முறையும் எல்லாச் சோதனையும் தாண்டியவர். அவரைவிட நம்பிக்கையான ‘இல்லை’ எங்கே கிடைக்கும்?

சென்ற ஆண்டு புதிய இயந்திரம் வந்தது. பழைய சோதனை ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறையைத் தேடும். சிலரிடம் அந்த உறை தட்டுப்படாது. கிருமி மட்டும் கல்லீரலில் சத்தமில்லாமல் ஒளிந்திருந்து, தானம் தரும்போது இரத்தத்தோடு போகும். புதிய இயந்திரம் கிருமியின் மரபணுவையே தேடும். முதல் நாள் ‘அண்ணன்’ குழாயை வைத்தோம்.

‘இருக்கிறது’ என்று வந்தது.

“சோதனைக் கிட்டு கெட்டுப்போச்சுண்ணே. வர்ற வழியில வெயில் பட்டிருக்கும்,” என்றார் பதிவாளர் அக்கா.

இரண்டாம் முறையும் ‘இருக்கிறது’. மூன்றாவதுக்கு அண்ணன் புதிதாகக் கையை நீட்டினார். முடிவு வர இரண்டு மணி நேரம் ஆனது. தாள் வெளியே வந்ததும் அவரே படித்தார்.

“கிட்டு நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல.”

பிறகு, தனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. “என் ரத்தம் ஏறின அந்தப் பதினொரு பேரு?” என்றார்.

மறுநாளே பழைய பதிவேடுகளை மேசையில் அடுக்கினார். தலைமை மருத்துவர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேச, அண்ணன் எதிரே உட்கார்ந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். இருவர் வேறு நோயால் முன்பே காலமாகியிருந்தனர். அவர்கள் பெயருக்கு எதிரே ‘தெரியாது’ என்று எழுதினார். அதை எழுதத்தான் வெகு நேரம் ஆனது. மற்றவர்களை வரவழைத்துச் சோதித்ததில் ஏழு பேருக்கு ‘இல்லை’.

ஒருவருக்கு இருந்தது. பேருந்து ஓட்டுநர். தாளை வாங்கியதும் குரல் உயர்ந்தது. “எவன் குடுத்த ரத்தங்க அது? இவ்ளோ பேரு உக்காந்து என்னத்தப் பாத்தீங்க?”

கொடுத்தவர் யார் என்று நாங்கள் சொல்லக்கூடாது. அண்ணன் மருத்துவரைப் பார்த்தார். “உங்க ரத்தம், உங்க வாய். சொல்றது உங்க இஷ்டம்,” என்று மருத்துவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் குடுத்ததுங்க. பாத்ததும் நான்தான். அப்ப இருந்த சோதனையில தெரியல.”

ஓட்டுநர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கேட்டார், “உங்களுக்கும் இருக்கா?”

“இருக்கு.”

“வைத்தியம்?”

“ரெண்டு பேரும் ஒரே டாக்டர்கிட்டயே போவோமா?”

இன்றும் ஒரே நாளில்தான் போகிறார்கள். ஓட்டுநர் இன்னும் அவரோடு அதிகம் பேசுவதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்.

வீட்டில் அண்ணிக்கும் சோதித்தோம். ‘இல்லை’. அன்று அண்ணி சொன்னது எங்களுக்கு மறக்காது: “கல்யாணமான நாள்லேர்ந்து எது கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்வாரு. இன்னைக்கு ஒருநாள்தான் அது காதுக்கு இனிச்சுது.”

இதையெல்லாம் இந்த வாழ்த்து மடலில் எழுதலாமா என்று தயங்கிக் கேட்டோம். “எழுதுங்கம்மா. ஒளிஞ்சிருந்தது போதும்,” என்றார்.

இனி மீண்டும் உங்களிடமே பேசுகிறோம், அண்ணே.

பதினோராமவர் பிரசவத்தின்போது உங்கள் இரத்தத்தை ஏற்றுக்கொண்ட தாய். மூன்று வீடு மாறியவரை எட்டு மாதம் தேடினீர்கள். நேற்று அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து மாதிரி கொடுத்தார். இந்த மடல் வாசிக்கப்படும் வேளையில் அது மேல்மாடி இயந்திரத்துக்குள் இருக்கும். பூங்கொத்தை வாங்கும்போதும் நீங்கள் கதவைத்தான் பார்ப்பீர்கள் என்று தெரியும். எங்களுக்கும் கண் அங்கேதான் இருக்கும்.

ஆகவே மடலின் அடியில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம். எது வந்தாலும் அதை அப்படியே எழுதித்தான் மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவோம். ஆறுதலுக்காக ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டோம். நீங்கள் மாற்றியதில்லை.

உங்கள் கல்லீரலில் கிருமி அடங்கியிருக்க, உங்கள் உறக்கம் திரும்பிவர, அண்ணி கேட்பதற்கெல்லாம் ‘இருக்கு’ என்று சொல்லும் ஓய்வுநாள்கள் நீண்டு பெருக வாழ்த்துகிறோம்!

அன்புடன்,
இரத்த வங்கிச் சோதனைக்கூடப் பணியாளர்கள்

(பேனாவால், மாலை 4.10)
பதினொன்று: இல்லை. மூன்று முறை பார்த்தோம், அண்ணே. இல்லை.