அஞ்சுக்கு மூணு

— கத்தாத பிருந்தா, கேளு. உஸைர் பனிக்குள்ள போயிட்டான். சரிவு உடைஞ்சு அவனை அப்படியே இழுத்துட்டுப் போயிருச்சு.

— ஐயோ! நீ எங்க இருக்க அக்ஷய்?

— மேல, பாறைகிட்ட. எனக்கு ஒண்ணும் ஆகல.

— ரெஸ்க்யூவுக்குச் சொன்னியா?

— சொல்லிட்டேன். வர முக்கால் மணி நேரமாகுமாம், அசையாதேங்கறாங்க. அவ்வளவு நேரம் அவன் தாங்க மாட்டான். என் நெஞ்சுல கட்டியிருக்கிற கருவி அவன் சிக்னலைக் காட்டுது. இப்ப இறங்கினா தோண்டிருவேன்.

— இறங்கினா உனக்கு என்ன ஆகும்? அதைச் சொல்லு.

— பாதிச் சரிவுதான் விழுந்திருக்கு. மீதி என் காலுக்குக் கீழ தொங்குது.

— பனியில குழி வெட்டி, சரிவு தாங்குமான்னு பார்த்துட்டுத்தான் இறங்குவோம்னியேடா?

— வெட்டினோம். அடியில சர்க்கரை மாதிரி ஒரு அடுக்கு, ஒட்டவே இல்ல. ரெண்டு தட்டு தட்டினதும் மேல இருந்த கட்டி வழுக்கிட்டு வந்துருச்சு.

— அதைப் பார்த்துட்டுமா போனீங்க?

— இன்னிக்குப் பனிச்சரிவு ஆபத்து அஞ்சுக்கு மூணுன்னு அறிவிப்புல போட்டிருந்தாங்க. "பாஸ் மார்க்தானே மச்சி, யல்லா, கெளம்பு"ன்னான் உஸைர். நானும் சிரிச்சேன். துபாய் மால்ல மெஷின் போட்ட பனியில சறுக்கிட்டு, பெரிய இவனுங்கன்னு நெனச்சு ஜார்ஜியா வரைக்கும் வந்துட்டோம்.

— போகாதடா. ப்ளீஸ். இந்தத் துபாய்ல, இந்தக் கராமாவுல எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?

— அவன் என் பேரைச் சொல்லிக் கத்தினான் பிருந்தா.

— நீயும் போனா ரெண்டு பேரைத் தோண்டணும். நான் சுயநலக்காரிதான், திட்டிக்கோ. ஆனா போகாத!

— ருமைஸா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவன் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வேன்?

— அக்ஷய்... அவ இங்கதான் நிக்கறா. கதவைச் சாத்தாம விட்டிருக்கேன், நான் கத்தினது கேட்டு வந்திருக்கா. போன் ஸ்பீக்கர்ல இருக்கு, எல்லாத்தையும் கேட்டுட்டா. ருமைஸா, நான் வந்து...

— போனைக் குடுங்கக்கா. அண்ணே, நான் ருமைஸா. அவுக உசுரோட இருக்காகளா?

— தெரியலம்மா. சிக்னல் வருது.

— உசுரு இருந்தாத்தான் அது வருமா?

— இல்லம்மா. எப்படி இருந்தாலும் வரும்.

— யா அல்லா... அண்ணே, நீங்க இறங்காதீங்க. அவுக வந்து கேட்டா, நான்தான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லிக்கிறேன்.