இரண்டு குழுவுக்கு ஒரு மண்டபம்

எர்மீனியா: …அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல அந்த நாற்காலியை எடுங்க.

சில்வினோ: எந்த நாற்காலி?

எர்மீனியா: என் பாய் மேல நாலு காலையும் ஊன்றிக்கிட்டு நிக்குதே, அது.

சில்வினோ: நாற்காலிங்க முன்னாடியே வந்துடுச்சு டீச்சர். பாய்தான் பின்னால வந்து அடியில நுழைஞ்சிருக்கு.

எர்மீனியா: பாய் நுழையுமா?

சில்வினோ: பூகோள டீச்சர் வீட்டுப் பாய். எல்லை எங்க இருக்கு, எங்க தாண்டலாம், எல்லாம் அதுக்கு அத்துபடி.

எர்மீனியா: தோன் சில்வினோ, இன்னைக்கு என்ன நாள்னு தெரியும்ல?

சில்வினோ: தெரியாம? நண்பர்கள் தினம். நம்ம பராகுவே ஐ.நா. சபைக்குக் குடுத்த நாள்.

எர்மீனியா: அந்த நாள்ல வந்து ஒரு பாய்க்காகச் சண்டை போடறீங்க.

சில்வினோ: நான் எங்க போடறேன்? நான் உக்காந்திருக்கேன். நீங்கதான் இடுப்புல கை வெச்சு நிக்கறீங்க.

எர்மீனியா: பன்னெண்டு மணிக்கு இந்த மண்டபம் எங்க தியானக் குழுவுக்குன்னு நகராட்சியில குடுத்திருக்காங்க.

சில்வினோ: அதே பன்னெண்டு மணிக்கு எங்க ஜெபக் குழுவுக்கும் குடுத்திருக்காங்க. அந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கே, அதுக்கு எதுவும் ஞாபகம் நிக்காதுபோல. உலகத் தண்ணீர் தினத்துக்கும் இப்படித்தான் குழப்புச்சு. தேனீ தினத்துக்கும் இப்படித்தான்.

எர்மீனியா: …ஆமா. என்ன பண்றது.

சில்வினோ: பயறு தினத்துக்கு?

எர்மீனியா: அதுக்கும்தான். விடுங்களேன் அந்தப் பொண்ணை.

சில்வினோ: சரி, பாதிப் பாதி. தூணுக்கு அந்தப் பக்கம் உங்க மௌனம். இந்தப் பக்கம் எங்க சத்தம்.

எர்மீனியா: சத்தம் தூணைப் பாத்ததும் நின்னுடுமா?

சில்வினோ: உங்க மௌனம் மட்டும் நிக்குதா? நாங்க ஜெபமாலை சொல்லும்போது அது வந்து குறுக்க உக்காந்துக்குது.

எர்மீனியா: மௌனம் எப்படிங்க குறுக்க உக்காரும்?

சில்வினோ: நீங்க கண்ணை மூடினதும் எனக்கு ‘அருள் நிறைந்த மரியே’ பாதியில மறந்துபோகுது.

எர்மீனியா: உங்களுக்கா, உங்க குழுவுக்கா?

சில்வினோ: …எல்லாருக்கும்தான்.

எர்மீனியா: அது சரி, எங்க அந்தக் குழு? ஒருத்தரையும் காணோம்.

சில்வினோ: வந்துக்கிட்டிருக்காங்க. கூட்டமா வர்றதுன்னா நேரம் ஆகும்ல. உங்க ஆளுங்க?

எர்மீனியா: அவங்க சத்தம் போடாம வர்றவங்க. வர்றது தெரியாது.

சில்வினோ: வந்திருந்தாலும் தெரியாது போல.

எர்மீனியா: கிண்டல் வேண்டாம். உங்களால எனக்கு எப்பவும் ரோதனைதான். சூரை மீன் தினத்தன்னைக்கு நான் பாட்டுக்கு மூச்சைக் கவனிச்சு உக்காந்திருக்கேன், “ஆண்டவரே, சூரைகளைக் காப்பாத்தும்”னு குவாரனி பாஷையில ஒரு கத்து.

சில்வினோ: சூரைக்குக் குவாரனியில என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. ‘தூரத்துப் பெரிய மீனு’ன்னுதான் சொன்னேன். ஆண்டவருக்குப் புரிஞ்சிருக்கும்.

எர்மீனியா: கடலே இல்லாத நாட்டுல…

சில்வினோ: நானும் அதைத்தான் கேக்கறேன். கடலே இல்லாத நாட்டுல நீங்க எதுக்கு அந்த மீனுக்குத் தியானம் பண்ணீங்க?

எர்மீனியா: கடல் இருக்கறவங்க, நாளைக்குத் திங்க வேணுமேன்னு வேண்டுவாங்க. நமக்கு அதுல காக்காசு லாபம் இல்ல. அதனால நாம வேண்டறதுதான் சுத்தமான வேண்டுதல்.

சில்வினோ: …இது நல்லா இருக்கே. அன்னைக்கே சொல்லியிருந்தா மெதுவாக் கத்தியிருப்பேன்.

எர்மீனியா: கழிப்பறை தினத்துக்கு என்ன பண்ணீங்க?

சில்வினோ: சந்தைக் கழிப்பறை வாசல்ல நின்னு ஜெபிச்சேன். அதுல என்ன தப்பு? கொஞ்ச நாள்ல கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துச்சா இல்லையா?

எர்மீனியா: உள்ள ஆள் இருக்கும்போது ஜெபிச்சீங்க. அந்த மனுஷன் வெளிய வர வெக்கப்பட்டு உள்ளயே கிடந்தாரு.

சில்வினோ: அவருக்கும் சேத்துத்தான் ஜெபிச்சேன். நீங்க தேனீ தினத்துக்கு உக்காந்தீங்க, தேனீயே வந்து கொட்டிட்டுப் போச்சு. என் ஜெபத்துக்குத் தாழ்ப்பாள் கிடைச்சுது. உங்க தியானத்துக்கு வீக்கம்.

எர்மீனியா: நான் அசையவே இல்ல.

சில்வினோ: அசையல. அழுதீங்க.

எர்மீனியா: அது தியானத்துல கண்ணு கலங்கினது.

சில்வினோ: மூக்கும் சிவந்துச்சே.

எர்மீனியா: அப்ப நீங்க ஜெபம் பண்ணாம என் மூக்கைப் பாத்துக்கிட்டிருந்தீங்க.

சில்வினோ: …தேனீயைப் பாத்தேன். தேனீக்குத்தானே ஜெபம்.

எர்மீனியா: ம்.

சில்வினோ: டீச்சர், கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. இப்படி உக்காந்தா அங்க ஏதாவது நடக்குதா? அந்த மீனுக்கு, தண்ணி இல்லாத ஊருக்கு, சண்டை நடக்கற ஊருக்கு…

எர்மீனியா: தெரியாது.

சில்வினோ: தெரியாமயா இத்தனை நாளா?

எர்மீனியா: வேலையில இருந்தவரைக்கும் படத்தைத் தொங்கவிட்டு, குச்சியால தொட்டுத் தொட்டு ஊர் பேர் சொல்லிக் குடுத்தேன். அந்த ஊர்ல இருக்கறவங்களை ஒரு நிமிஷம் நினைச்சதில்ல. இப்ப அந்தந்த நாள் வந்தா உக்காந்து நினைக்கறேன். அங்க என்ன நடக்குதோ, எனக்குத் தெரியாது. எனக்கு அவங்க வெறும் பேரா இல்ல இப்ப. அவ்வளவுதான். என்ன, கிண்டல் பண்ணலையா?

சில்வினோ: யோசிக்கறேன். குறுக்க பேசாதீங்க.

ப்ளாசிதா: சிப்பா… சூடா சிப்பா… அண்ணே, கூடையை இறக்க ஒரு கை குடுங்க. அப்பா… தெக்கத்திக் காத்து என்னமா வெட்டுது. டீச்சரம்மா, நண்பர்கள் தின வாழ்த்து. சீஸ் நிறையப் போட்டுச் சுட்ட ரொட்டி, கையில வெச்சாலே குளிர் விட்டுடும்.

எர்மீனியா: அப்புறமா வா ப்ளாசிதா. எல்லாரும் வந்ததும் மொத்தமா வாங்கிக்கறோம்.

ப்ளாசிதா: எல்லாரும்னா?

சில்வினோ: எங்க குழு. அவங்க குழு.

ப்ளாசிதா: …ஓ.

எர்மீனியா: என்ன ‘ஓ’?

ப்ளாசிதா: ஒண்ணுமில்ல டீச்சரம்மா. வர்ற வழியெல்லாம் பாத்தேன், அவங்கவங்க சிநேகிதங்க வீட்டுக் கொல்லையில கறி சுட்டுக்கிட்டிருக்காங்க. தெருவெல்லாம் பொகை. இந்தக் குளிர்ல அடுப்பை விட்டுட்டு யாரு வருவா… சரி, வழக்கம்போல ரெண்டு சிப்பா வெச்சுட்டுப் போறேன்.

சில்வினோ: ரெண்டு எப்படிப் போதும்?

ப்ளாசிதா: எப்பவும் போதுமே அண்ணே. ஆமா, டீச்சரம்மா… எங்கர்நாசியோனுக்குப் போறீங்களாமே? அக்கா வீட்டுக்கு. ஒரேடியாவாம்?

எர்மீனியா: யாரு சொன்னா உனக்கு?

ப்ளாசிதா: உங்க அக்காவே என் சித்திகிட்ட போன்ல சொன்னாங்க. ஆத்தைப் பாத்த வீடாம், உங்களுக்குன்னு தனி அறையாம், பெயின்ட் கூட அடிச்சு வெச்சுட்டாங்களாம். நல்லதுதானே. இங்க ஒத்தையில என்ன இருக்கு? தூக்கிவிடுங்க அண்ணே… அண்ணே, கூடையை… ஆங். வர்றேன். சிப்பா… சூடா…

சில்வினோ: நாற்காலியை எடுத்துட்டேன். பாயை நல்லா விரிச்சுக்கோங்க.

எர்மீனியா: ம்.

சில்வினோ: தூணுக்கு இந்தப் பக்கமும் விரிச்சுக்கோங்க. மண்டபம் பூராவும் விரிச்சுக்கோங்க.

எர்மீனியா: எதுக்கு இவ்வளவு தாராளம்?

சில்வினோ: ஊரை விட்டுப் போறவங்ககிட்ட என்ன எல்லைத் தகராறு.

எர்மீனியா: போறேன்னு நான் சொன்னேனா?

சில்வினோ: போகலைன்னும் சொல்லலையே.

எர்மீனியா: …கோயில் மணி அடிக்குது. உக்காருங்க.

சில்வினோ: ஆளுங்க வரலையே.

எர்மீனியா: வர்றவங்க வந்து சேந்துக்கட்டும்.

சில்வினோ: அப்ப ஒரு ஏற்பாடு. இதுவே கடைசித் தடவையா இருந்தாலும் இருக்கும். இன்னைக்கு நான் பேசாம உக்காந்து பாக்கறேன். நீங்க சத்தமா ஜெபம் பண்ணுங்க.

எர்மீனியா: நான் சத்தமா ஜெபிச்சதே இல்லையே.

சில்வினோ: நான் பேசாம இருந்ததே இல்ல. சரிக்குச் சரி.

எர்மீனியா: …சரி. கண்ணை மூடுங்க.

சில்வினோ: கையை எங்க வெச்சுக்கறது?

எர்மீனியா: மடியில.

சில்வினோ: ரெண்டையுமா?

எர்மீனியா: வேற எத்தனை இருக்கு உங்களுக்கு?

சில்வினோ: மூச்சை இழுக்கும்போது ஏதாவது சொல்லணுமா?

எர்மீனியா: வாயை மூடணும்.

சில்வினோ: …

எர்மீனியா: …

சில்வினோ: மூக்கு அரிக்குது.

எர்மீனியா: அரிக்கட்டும்.

சில்வினோ: …

எர்மீனியா: ஆண்டவரே… இப்படித்தான் ஆரம்பிக்கணுமா?

சில்வினோ: தெரிஞ்சவங்ககிட்ட பேசற மாதிரி பேசுங்க. அவரு தப்பா எடுத்துக்க மாட்டாரு.

எர்மீனியா: ஆண்டவரே, இன்னைக்கு நண்பர்கள் தினம். தோமாசாவை நல்லா வெச்சுக்கும். முட்டி மடங்கலைன்னு தியானத்துக்கு வர்றதை நிறுத்திக்கிட்டா. அந்தோலின் புவனோஸ் ஐரெஸ்ல கட்டட வேலைக்குப் போயிட்டான், அங்க இதைவிடக் குளிராம், அவனுக்கு ஒரு நல்ல கோட்டு கிடைக்கணும். நில்டா… நில்டா உம்மகிட்டயே வந்துட்டா, நீரே பாத்துக்கும். அவ பாய் இன்னும் என் வீட்டுலதான் இருக்கு. வெயில்ல போட்டு எடுத்து வெச்சிருக்கேன்.

சில்வினோ: டீச்சர்…

எர்மீனியா: பேச மாட்டேன்னீங்க. ஆண்டவரே, தேனீ தினத்துக்கு யாரும் வரல. அதுக்கு முன்னாடி தண்ணீர் தினத்துக்கும் வரல. குழு, குழுன்னு சொல்லிக்கிட்டு நான் ஒருத்திதான் உக்காந்திருக்கேன். எல்லாரும் வருவாங்கன்னு இப்ப சொன்னதும் பொய்தான். மன்னிச்சுக்கும். நண்பர்கள் இருக்கறவங்களை நல்லா வெச்சுக்கும். இல்லாதவங்களையும். ஆமென்.

சில்வினோ: …ஆமென்.

எர்மீனியா: நல்லா இருந்துச்சா?

சில்வினோ: எங்க ஆளுங்களும் வர மாட்டாங்க.

எர்மீனியா: கறி சுடப் போயிட்டாங்களா?

சில்வினோ: ஆளுங்களே கிடையாது.

எர்மீனியா: எப்பலேருந்து?

சில்வினோ: மொதல்லேருந்தே. என் சம்சாரம் தொரிலா போன பிறகு வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. ரேடியோ போடுவேன். அதை நிறுத்தினா முன்னைவிட மோசமா இருக்கும். வாழ்க்கை பூரா பஸ் ஓட்டினவன், காதுல இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும் எனக்கு. ஒரு நாள் இந்தப் பக்கமா நடந்து வர்றேன், நீங்கல்லாம் இங்க உக்காந்திருந்தீங்க. அதுவும் சத்தமில்லாமதான் இருந்துச்சு. ஆனா வீட்டுல இருக்கற மாதிரி இல்ல. பக்கத்துல போய் உக்காரணும்போல இருந்துச்சு.

எர்மீனியா: உக்காந்திருக்கலாமே.

சில்வினோ: என் வாயைப் பாத்தீங்கல்ல? துரத்திடுவீங்கன்னு பயம். ஜெபக் குழுன்னா சத்தம் போடலாம், யாரும் ஏன்னு கேக்க முடியாது.

எர்மீனியா: அப்ப இந்த நாற்காலியெல்லாம்?

சில்வினோ: நானே தூக்கிட்டு வருவேன். நானே திரும்பத் தூக்கிட்டுப் போவேன்.

எர்மீனியா: இத்தனையுமா? முதுகு வலிக்காது?

சில்வினோ: வலிக்கும்.

எர்மீனியா: …

சில்வினோ: சிரிக்கறீங்களா, அழறீங்களா?

எர்மீனியா: இந்தாங்க, பிளாஸ்க்குல மாத்தே டீ இருக்கு. ஆறிடும், குடிங்க.

சில்வினோ: ஒரே குழல்தான் இருக்கு.

எர்மீனியா: ஒரே குழல்லதான் எல்லாரும் குடிப்பாங்க. புதுசா வந்த வெளிநாட்டுக்காரர் மாதிரி பேசாதீங்க.

சில்வினோ: …நல்லா சூடா இருக்கு.

எர்மீனியா: சிப்பாவையும் எடுத்துக்கோங்க.

சில்வினோ: ஆத்தைப் பாத்த வீடுன்னா நல்லாத்தான் இருக்கும். கூடப் பொறந்தவங்களோட இருக்கறது நல்லதுதான். வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா… செப்டம்பர்ல அமைதி தினம் வருது. மண்டபம் கேட்டு வெச்சிருக்கேன், பன்னெண்டு மணிக்கு. அன்னைக்கு மட்டும் பஸ் ஏறி வந்துட்டுப் போங்களேன். அந்தப் பொண்ணு வழக்கம்போலக் குழப்பி ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தைக் குடுத்துடும், நிம்மதியாச் சண்டை போடலாம்.

எர்மீனியா: அது ஒரு தடவைகூடக் குழப்பினதில்ல, சில்வினோ. அமைதி தினத்துக்கு மண்டபம் வேணும்னு நேத்துத்தான் போய்ச் சொல்லிட்டு வந்தேன். “காலையில காலியா இருக்கு, சாயங்காலமும் காலியா இருக்கு, எப்பப் பாத்தாலும் ஏன் டீச்சர் அந்த மனுஷன் கேட்ட நேரத்தையே நீங்களும் கேக்கறீங்க”ன்னு அந்தப் பொண்ணு என்னைத்தான் திட்டுது.